மேசைப் போர்க்களத்துக்கு உதிராத வேல மரங்கள்

டர்பனை அடுத்த பீனிக்ஸிலிருந்து எழுதியிருக்கும் நண்பர், 1899 டிசம்பர் 15 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், துகேலா ஆற்றங்கரையில் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் நடந்த கொலென்ஸோ போரை 28 மி.மீ. உயரப் படைவீரர் உருவங்களை வைத்து, 6 அடிக்கு 4 அடி மேசையில் ஆடுவதற்குக் களம் அமைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு நாற்பது மரங்கள் வேண்டும் என்றும், கடையில் வாங்கினால் கட்டுபடியாகாது என்றும், ஸ்பாஞ்சுத் துகளைத் தலைமுடி ஸ்பிரே அடித்து ஒட்டித் தாமே செய்தவை இரண்டு மூன்று ஆட்டங்களுக்குள் மொட்டையாகிவிடுகின்றன என்றும் சொல்லிவிட்டு, மரம் செய்ய மலிவான நல்ல பொருள் எது என்று கேட்டிருக்கிறார். பொருளைப் பற்றிய கேள்வியாக இருந்தாலும், இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அடிக்கடி கை படும் மரம் எதனால் உதிர்கிறது என்பது ஒன்று. உருவங்களை நகர்த்த இடைஞ்சல் செய்யாத மரத்துக்கு எந்த வடிவம் ஏற்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தெளிந்துவிட்டால் பொருள் எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

நான் டர்பனில் கட்டடக் கலைஞர்களுக்கு மாதிரிக் கட்டடங்கள் செய்து கொடுக்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். மேசைப் போர் ஆட்டங்களுக்குக் களம் செய்யத் தொடங்கியது அதன் பிறகுதான். கம்பி, நார், ஸ்பாஞ்சு, பசை ஆகியவற்றைக் கொண்டு கையால் செய்யும் மரங்களைப் பற்றி உறுதியாகப் பேச என்னால் முடியும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுக்கும் மரங்களை நான் கையாண்டதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நான் தரும் அளவுகளும் 28 மி.மீ. உருவங்களுக்கு உரியவை, 15 மி.மீ. உருவங்களோடு ஆடுபவர்கள் மரத்தின் உயரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, அதற்கேற்பக் கம்பியையும் மெல்லியதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது மரங்கள் தேவையில்லை. உருவங்களின் அளவும் தரையின் அளவும் இத்தகைய ஆட்டங்களில் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. சில மைல் நீளமுள்ள ஆற்றங்கரையை ஆறடிக்குள் அடக்கும்போது, மேசையில் நிற்கும் ஒரு மரம் ஒரு தோப்புக்கே பிரதிநிதியாகிறது. அன்றியும், கொலென்ஸோவில் ஆங்கிலேயப் படையின் கர்னல் லாங் தம் பீரங்கிகளை முன்னே கொண்டுபோய் நிறுத்திய தென்கரைச் சமவெளி வெட்டவெளியாக இருந்தது. அந்தப் பீரங்கிகள் பறிபோனதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். புதர் மண்டியிருந்தது கிழக்கே ஹ்லாங்வானே குன்றில். ஆகவே ஆற்றோரமாக ஆறேழு மரங்களும், குன்றின் மேல் ஐந்தாறு மரங்களும், அவற்றின் காலடியில் தாராளமாகப் புதர்களும் போதும். நாற்பது மரங்களுக்குச் செலவிட நினைத்த உழைப்பைப் பன்னிரண்டு மரங்களுக்குக் கொடுத்தால் அவை பல ஆண்டுகள் நிற்கும். சமவெளியில் அழகுக்காக மரம் நட்டால் அந்தப் போரின் நியாயமே கெட்டுவிடும் என்பது என் கருத்து.

அடுத்து, எந்த மரம். நேட்டாலின் உட்பகுதியிலும் துகேலா பள்ளத்தாக்கிலும் கண்ணில் படுபவை பெரும்பாலும் வேல மர வகைகளே. வெள்ளை முட்கள் இரட்டை இரட்டையாக நீண்டிருக்கும் ஸ்வீட் தார்ன் ஒன்று. வெளிறிய பட்டை தாள்தாளாக உரியும், தட்டையாக விரிந்த உச்சியுடைய பேப்பர்பார்க் தார்ன் இன்னொன்று. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் குடைவேல் மரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவது மரத்தின் தோற்றம் உடனே விளங்கும். மேசை ஆட்டத்துக்கு இதைவிட வசதியான வடிவம் கிடையாது. தழை முழுவதும் மேலே ஒரு தட்டாக நிற்க, கீழே அடிமரத்தைச் சுற்றி வெற்றிடம் கிடைக்கிறது. உருவங்களை அதற்குள் விரல்களால் நகர்த்தலாம், குனிந்து பார்த்தால் யார் யாரைப் பார்க்க முடிகிறது என்பதும் தெரிகிறது. உருண்டைத் தலை மரத்திலோ ஊசியிலை மரத்திலோ இந்த வசதி இல்லை. ஐரோப்பியக் களங்களுக்காக எழுதப்பட்ட செய்முறைகளை அப்படியே பின்பற்றுவதால்தான் பலருடைய மரங்கள் ஆட்டத்துக்கு இடைஞ்சலாக நிற்கின்றன.

அளவு இப்படி அமையட்டும். 28 மி.மீ. உருவங்களை ஏறக்குறைய 1:56 என்று கொண்டால், 10 செ.மீ. உயரமுள்ள மரம் உண்மையில் ஐந்தரை மீட்டர் மரத்துக்குச் சமம். ஸ்வீட் தார்னுக்கு அது இயல்பான உயரமே. பேப்பர்பார்க் தார்ன் 12 மீட்டர்கூட வளரும், ஆனால் அதை அப்படியே 21 செ.மீ. உயரத்துக்குச் செய்தால் உங்கள் முழங்கை அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டு உயரத்தை 12 செ.மீ.க்குள் நிறுத்திவிடுங்கள். தரையிலிருந்து தழையின் அடிப்பாகம் வரை 5 செ.மீ.க்குக் குறையாமல் இடைவெளி இருக்கட்டும். காலடியில் ஒட்டியிருக்கும் தளத்தோடு சேர்த்து, தோளில் துப்பாக்கி ஏந்திய ஓர் உருவம் அதற்குள் தாராளமாக நிற்கும். நீங்கள் இந்தியத் தூக்குப் படுக்கைக் குழுவையும் மேசையில் நிறுத்த விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். காந்தி திரட்டிய அந்தப் படையின் சுமார் 1,100 பேரில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் ஏராளம் என்பதால் அந்த விருப்பம் எனக்கும் உண்டு. ஆனால் காயமுற்றவரைச் சுமந்து செல்லும் குழுவின் தளம் நீளமானது. ஆற்றங்கரை மரங்களை நடும்போது அந்தத் தளத்தை முதலில் வைத்துப் பார்த்து, அது தடையின்றித் திரும்பும் அளவுக்கு இடைவெளி விட்டு நடுங்கள்.

இனி அடிமரமும் கிளைகளும். துத்தநாகப் பூச்சுள்ள 0.9 மி.மீ. கட்டுக்கம்பியே என் தேர்வு. பூச்சில்லாத கறுப்புக் கம்பி வளைக்க இன்னும் எளிது, விலையும் குறைவு. ஆனால் நாம் பயன்படுத்தும் பசையும் வண்ணமும் நீரில் கரைந்தவை என்பதால் உள்ளே துருப்பிடித்து, சில மாதங்களில் செந்நிறக் கறை வெளியே ஊறி வரும். பழைய மின்கம்பியிலிருந்து எடுக்கும் தாமிரமும் மிக நல்லது. அதன் பிளாஸ்டிக் உறையைக் கத்தியால் சீவி எடுங்கள். நேரம் மிச்சம் என்று எரித்து எடுக்க வேண்டாம். அந்த உறை எரியும்போது வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. அது மூச்சுக்குழாயை அரிக்கக்கூடியது.

கம்பியை 18 செ.மீ. நீளத்தில் பதினாறு துண்டுகளாக வெட்டிக் கற்றையாகப் பிடித்து, அடியில் 3 செ.மீ.யை வேருக்காக விட்டுவிட்டு, அதற்கு மேல் 4 செ.மீ. நீளத்துக்குக் குறடால் இறுக்கி முறுக்குங்கள். பிறகு ஐந்து, ஐந்து, ஆறு என மூன்று கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 3 செ.மீ. நீளத்துக்கு முறுக்குங்கள். அடிமரத்தை எந்தப் பக்கம் முறுக்கினீர்களோ, கிளைகளையும் அதே பக்கம் முறுக்க வேண்டும்; எதிர்ப்பக்கம் முறுக்கினால் அடிமரத்தின் பிடி தளர்ந்துவிடும். மீதமுள்ள நுனிகளை ஒன்றொன்றாகவும் இரண்டிரண்டாகவும் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் கிடையாக விரித்துவிடுங்கள். வேல மரத்தின் கிளைகள் நேராக மேலே போவதில்லை. சாய்ந்து ஏறி, மேலே வந்ததும் சட்டென்று படுக்கையாகத் திரும்புகின்றன. அந்தத் திருப்பத்தைக் குறட்டின் நுனியால் கூர்மையாகக் கொடுத்தால்தான் மரம் வேல மரமாகத் தெரியும். வளைவாகக் கொடுத்தால் கடையில் பாக்கெட்டாக விற்கும் ஏதோ ஒரு மரம்தான் கிடைக்கும். இப்படிச் செய்யும் மரத்தின் அடிப்பாகம் நாலரை மி.மீ. பருமன் வரும். மேலே பட்டை ஏறியதும் அளவு சரியாக இருக்கும்.

பட்டைக்குப் பலரும் பிளாஸ்டர் பூசுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் மரத்துக்கு அது பொருந்தும். விளையாட்டு மரமோ ஆட்டத்துக்கு ஆட்டம் சற்றே வளைந்து நிமிரும். பிளாஸ்டர் வளையாமல் வெடித்துச் சில்லுச் சில்லாக விழும். கம்பியின் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுகிய நாடாக்களாகக் கிழித்துச் சுற்றி, அதன் மேல் சுவர் வெடிப்பை அடைக்கும் அக்ரிலிக் பூச்சைத் தடவுங்கள். இங்கே எந்த வன்பொருள் கடையிலும் குழலாகக் கிடைக்கும். காய்ந்த பிறகும் ரப்பர்போல வளையும். ஈரம் இருக்கும்போதே பழைய பல்துலக்கியால் கீழிருந்து மேலாக இழுத்தால் பட்டையின் வெடிப்புகள் விழுந்துவிடும். சிலிக்கோன் பூச்சை வாங்கிவிடாதீர்கள், அதில் வண்ணம் ஒட்டாது. ஸ்வீட் தார்னுக்குக் கருஞ்சிவப்பு கலந்த கருமை அடியில் இருக்க வேண்டும். அது காய்ந்ததும், தூரிகையில் வெளிர்சாம்பலைத் தொட்டுத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, பட்டையின் மேடுகளில் மட்டும் படுமாறு லேசாக இழுத்தால் போதும். முட்களைச் செய்ய முயல வேண்டாம், 10 செ.மீ. முள்கூட இந்த அளவில் 2 மி.மீ.க்கும் குறைவுதான்.

இப்போது உங்கள் உண்மையான தொல்லைக்கு வருகிறேன். தழை உதிர்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உங்கள் மரங்களில் மூன்றுமே சேர்ந்திருக்கின்றன. தலைமுடி ஸ்பிரேயில் உள்ள பிசின் தண்ணீரில் கழுவினால் போய்விட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. டர்பனின் ஜனவரி, பிப்ரவரி ஈரக்காற்றில் அது இளகிப் பிசுபிசுக்கும். பிசுபிசுத்த மரத்தை விரலால் தொட்டால் இலை விரலோடு வரும். இரண்டாவது, ஸ்பாஞ்சுத் துகள் மேற்பரப்பில் மட்டும் ஒட்டியிருக்கிறது, உள்ளே பசை இறங்கவில்லை. மூன்றாவது, தழை முழுவதும் பசையை மட்டுமே நம்பி நிற்கிறது. கம்பி அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. இந்த மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப்பட்டையை எடுத்து, அதன் தடிமனை இரண்டு அல்லது மூன்று அடுக்குகளாகக் கையால் உரியுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், வெட்டிய விளிம்பு எப்போதும் வெட்டிய விளிம்பாகவே தெரியும். விளிம்பைப் பிய்த்து, நாலு பக்கமும் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரியும் அளவுக்கு மெல்லியதாக்கி, விரித்து வைத்த கம்பி நுனிகளின் மேல் அப்பளம்போலப் படிய வையுங்கள். ஒவ்வொரு கம்பி நுனியும் நாரைத் துளைத்து மேலே வந்ததும் கடைசி 3 மி.மீ.யைக் குறடால் மடக்கிக் கொக்கியாக்கிவிடுங்கள். இப்போதே மரத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் தழை போகாது. பசை இன்னும் தொடவேயில்லை. முதல் தட்டுக்கு மேலே சற்றுத் தள்ளிச் சிறியதாக இன்னொரு தட்டையும் வைத்தால் உச்சி ஒரே பலகையாகத் தெரியாது. பிறகு முழுவதற்கும் கரும்பழுப்பு வண்ணம் அடித்துவிடுங்கள். பச்சையின் இடையே நிழலாகத் தெரிய வேண்டியது அந்தப் பழுப்புதான்.

இலைத்துகளை மெத்தை தைக்கும் கடையில் ஒதுக்கிப்போடும் ஸ்பாஞ்சிலிருந்து நீங்களே செய்துகொள்ளலாம். சிறு துண்டுகளாகக் கிள்ளி, தண்ணீர் ஊற்றி மிக்ஸியில் அரைத்து, பிழிந்து, அக்ரிலிக் வண்ணத்தோடு பிசைந்து, தாளில் உலர்த்தி, சல்லடையில் சலியுங்கள். மிக்ஸி இதற்கென்றே ஒரு பழைய மிக்ஸியாக இருக்கட்டும். மசாலா அரைப்பதில் இதைச் செய்தால் வீட்டில் நடக்கும் போருக்கு எந்த விதிப்புத்தகமும் உதவாது. வேல இலை மிகச் சிறியது என்பதால் சல்லடையில் கீழே விழும் நுண்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள்; மேலே தங்கும் தடித்த துகள் புதர்களுக்கு ஆகும். போர் நடந்தது டிசம்பர், அதாவது இங்கே கோடை. எனவே துளிர்ப்பச்சையை அதிகமாகவும் மங்கிய பச்சையைக் குறைவாகவும் கலக்கலாம். ஸ்வீட் தார்ன் கோடையில் மஞ்சள் உருண்டைகளாகப் பூக்கும். இரண்டொரு மரங்களில் மட்டும் ஒரு சிட்டிகை மஞ்சள் துகள் தூவினால் நன்றாக இருக்கும்.

ஒட்டுவது இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். முதலில் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலக்காமல் நாரின் மேற்புறத்தில் தூரிகையால் தடவி, துகளைக் கொட்டி, உள்ளங்கையால் மெல்ல அமுக்கி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ஒட்டாததைத் தட்டிவிட்ட பிறகு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தழை நனையும் வரை பனிபோலத் தெளியுங்கள். உடனே, ஒரு பங்கு பசைக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்த கரைசலை அதன் மேல் தெளியுங்கள். அந்தச் சோப்புச் சொட்டு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், பசை மேலேயே முத்தாக நிற்காமல் ஸ்பாஞ்சுக்குள் இறங்கி நார் வரை போய்ச் சேரும். அடிப்பக்கத்தில் வெண்துளிகள் சொட்டத் தொடங்கினால் போதுமான அளவு இறங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது கட்டத்தைத்தான். சாதாரண வெள்ளைப் பசையும் ஈரத்தில் ஓரளவு இளகக்கூடியதே. கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள், மரவேலைக்கு விற்கும் நீர் தாங்கும் வகையை வாங்குவது மேல். கடைசியாகப் பளபளப்பற்ற வார்னிஷ் ஒரு பூச்சு. ஸ்பிரேயாக அடிப்பதானால் மழைக்கால மாலையில் வேண்டாம், ஈரக்காற்றில் வார்னிஷ் வெண்மையாகப் பூத்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட நாட்கள் அதற்கு ஏற்றவை. காத்திருக்க முடியாதென்றால் தூரிகையால் பூசுங்கள்.

தளத்தைப் பற்றி இரண்டே செய்திகள். ஆட்டத்தில் கை மரத்தைப் பிடிக்கும் இடம் தழையாக இருக்கக் கூடாது, தளமாக இருக்க வேண்டும். அதற்குத் தளத்தின் விளிம்பு விரலுக்கு அகப்படுமாறு சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் 4 செ.மீ. வட்டம் வெட்டி, அடியில் ஓர் அகலமான இரும்பு வாஷரை ஒட்டினால் எடை கீழே நிற்கும், மரம் சாயாது. பலகையின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரப்பசை பூசினால் அது கிண்ணமாக வளையும் என்பதால் முதலில் இரு பக்கமும் வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். ஹ்லாங்வானே குன்றுக்கு, ஒழுங்கற்ற வடிவில் வெட்டிய பெரிய பலகையைப் புதர்க்காட்டின் எல்லையாக வைத்து, மரங்களை அதன் மேல் ஒட்டாமல் நிறுத்துங்கள். படை உள்ளே நுழையும்போது மரத்தை எடுத்துவிட்டாலும் காடு எது வரை என்பதில் சச்சரவு வராது. சிலர் காந்தம் பதிக்கிறார்கள். வசதிதான், ஆனால் வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அந்தச் சிறு வலுக்காந்தங்களைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். அறுவைச் சிகிச்சைவரை போகும் விபத்து அது.

இதுவரை சொன்னவை நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஸ்பாஞ்சின் ஆயுள் அப்படிப்பட்டதன்று. மெத்தை ஸ்பாஞ்சு பாலியூரித்தேன். அதில் ஒரு வகை ஈரத்தாலும் மற்றொரு வகை வெளிச்சத்தாலும் காலப்போக்கில் மஞ்சளித்துப் பொடியாகும், கடையில் வாங்கும் துண்டு எந்த வகை என்று பார்த்துச் சொல்ல இயலாது. வண்ணமும் பசையும் அதை மூடியிருப்பதால் சிதைவு தாமதமாகும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு, உத்தரவாதம் அன்று. காய்ந்த செடிக் கொம்புகளையும் விதைத்தண்டுகளையும் மரமாகப் பயன்படுத்துவது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. அழகில் அவற்றை எந்தக் கம்பியாலும் வெல்ல முடியாது. ரயில் மாதிரிகளில் நான் அவற்றையே விரும்புவேன். ஆனால் கை படும் மேசையில் நொறுங்கும், பூச்சியும் வைக்கும். கோதுமைப் பசையால் ஒட்டியிருந்தால் காகிதம் தின்னும் வெள்ளிப் பூச்சிகளுக்கு அது விருந்து. சிறு குச்சிகளைத் தரையில் விழுந்த மரங்களாகவும் விறகாகவும் போடலாம்.

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் தொடங்காமல், ஒன்றை முழுவதுமாக முடித்து, ஒரு வாரம் காயவிட்டு, வெள்ளைத்தாளுக்கு மேலே தலைகீழாகப் பிடித்துத் தளத்தை மேசையில் நாலு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுவது சிட்டிகைக்கும் குறைவானால் மீதியைச் செய்யலாம். அதிகமானால் கரைசலை இன்னொரு முறை தெளித்துவிட்டுப் பாருங்கள். பெட்டியில் வைக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாமல், அடியில் காந்தத் தாள் ஒட்டிய ஆழமான பிளாஸ்டிக் பெட்டியில் வாஷர்கள் பிடித்துக்கொள்ளுமாறு நிற்கவையுங்கள். மேசையில் உதிரும் இலையைவிடப் பெட்டிக்குள் நசுங்கி உதிர்வதே எப்போதும் அதிகம்.